பதினான்கு கிராம்

ஓர் அடிக்கு ஓர் அங்குலம்.
'மார்ஜரி அண்ட் ஜூன்' இங்கே
என்னைப் படுக்கவைத்த நீளம்.
மஞ்சள் பூசி, பக்கத்தில் கறுப்புக் கோடுகள் கிழித்து,
அணியத்தில் மணல் துகள் ஒட்டியிருக்கிறேன்,
சிறுத்த கலத்தைச் சுற்றி நீர் சோம்பிவிடக் கூடாதென்று.

எல்லாவற்றையும் சிறுக்க வைத்தாயிற்று.
நீளம் பன்னிரண்டில் ஒன்று.
எடை ஆயிரத்து எழுநூற்று இருபத்தெட்டில் ஒன்று.
வெளியே ஏழு நொடி என்றால் இங்கே இரண்டு.
நீர்தான் பேச்சைக் கேட்கவில்லை.
அலை உடைந்து தெறிக்கையில்
துளி அதே பழைய துளி.
பெருவெள்ளத்தைச் சுருக்கலாம், சிறுதுளியை முடியாது
என்பாள் நெட்டா, அலைப்பலகையை இயக்குபவள்.
ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பின்
தொட்டி அடங்கப் பதினைந்து நிமிடம் ஆகும்.
அதற்குள் கையுறையில் இரண்டு வரிசை பின்னிவிடுவாள்.

பார்டி வந்தது வியாழன் காலை.
போனவிஸ்டா கரையிலிருந்து செயின்ட் ஜான்ஸுக்கு
மூடுபனியில் நான்கு மணி நேரம்,
வழியில் மூஸ் மான் ஒன்றுக்கு நின்று வழிவிட்டு.
தன் படகைக் குனிந்து பார்த்தார்,
கடன் பத்திரம் படிப்பதுபோல.
"புகைபோக்கி இடப்பக்கம்" என்றார்.
மாற்றினேன்.

குட்டை. அகலம். உயரம்.
அறுபத்தைந்து அடியைத் தொடாதே என்றது சட்டம்;
நீள முடியாத படகுகள் பருத்தன,
தளத்தின் மேல் தளம் ஏற்றிக்கொண்டன.
"ஐந்தடி கூடியிருந்தால்?" என்று கேட்டார்.
நெட்டா நூலைவிட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னாள்:
"சட்டத்தை மிதக்கவிட்டுப் பார்க்க இங்கே வசதியில்லை."

ஒரு நண்டுக் கூண்டு, கயிறோடு, பதினான்கு கிராம்.
இரண்டு டாலர் காசு இரண்டின் எடை என்றேன்.
பத்துக் கூண்டுக்கு ஓர் ஈயக்கட்டி.
வரைபடத்தில் எட்டு. எட்டும் வைத்தேன்.
முதல் ஓட்டம்:
சாய்ந்தாள், வெடுக்கென்று நிமிர்ந்தாள்.
இரண்டு நொடி. இரண்டு நொடி.
"இது அவளில்லை."

பதினைந்து நிமிடம்.
அவர் எண் எதுவும் சொல்லவில்லை.
ஈயப்பெட்டி அருகே வந்து
ஒரு கட்டி எடுத்து அடுக்கின் மேல் வைத்தார்.
என்னைப் பார்த்தார்.
இன்னொன்று.
இன்னொன்று.
நான் எழுதுபலகையைக் கவிழ்த்து வைத்தேன்.
நான்காவதோடு பெட்டி காலி.
சட்டைப்பைக்குள் கைவிட்டார்,
காசுகளை இரண்டிரண்டாக வைத்தார், ஏழு முறை.
கடைசியில் ஒற்றையாக ஒன்று:
"இது ஏப்ரல் உறைபனி."

தலைக்கனம்.
இந்தக் கூடத்தில் அது வசையல்ல,
தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம்.

இரண்டாம் ஓட்டம்.
மெல்லச் சாய்ந்தாள். யோசித்து நிமிர்ந்தாள்.
மூன்று நொடி. மூன்றேகால்.
பார்டியின் முகம் தெளிந்தது:
"இதுதான்! இப்படித்தான் வீட்டுக்கு வருவாள், மெத்தை மாதிரி.
பையன்கள் தூங்கிப்போவார்கள்.
இன்றைக்குக் கடலுக்கு நல்ல குணம் என்போம்."

அது கடலின் குணமில்லை என்று
நான் வாயெடுக்கும் முன்
ஒன்பதாவது அலை வந்தது. பெரியதுகூட இல்லை.
சாய்ந்தாள்.
சாய்ந்தபடி நின்றாள்.
கருவி அந்த நிற்றலை நான்கு நொடி என்றது,
வெளியே பதினான்கு.
உறங்குகிறவன் காலுறை தேடும் நேரம்.
பிறகு மேலே வந்தது
மஞ்சள் அடிப்பாகம் மட்டும், வழவழவென்று.

நெட்டா பலகையை நிறுத்தினாள்.
கொக்கி போட்டு இழுத்தோம்.
அவள் வாயிலிருந்து வெகுநேரம் நீர் வடிந்தது.
பார்டி கேட்டது ஒன்றே ஒன்று:
"எட்டுக்கும் இதற்கும் நடுவில்
எந்தக் கட்டியில் அவள் மனசு மாறுகிறாள்?"

பலகையைத் திருப்பினேன்.
கூண்டுகள் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது.
"நூற்று இருபத்தேழு," என்றார். "எழுது. மையால்."

மாலையில் விளக்கணைக்கப் போனேன்.
ஈயத்தை எல்லாம் அள்ளியிருந்தோம்.
தொட்டியின் அடியில் பதினைந்து காசுகள்
எதனாலும் வகுபடாமல், தம் முழு அளவில்.

வாகன நிறுத்தத்தில் அவர் வண்டி நிற்கிறது,
இருக்கையைச் சாய்த்து, தொப்பியை முகத்தில் போட்டு.
நாளை ஒன்பதில் தொடங்குகிறோம்.